ஹபிள் குறிபார்க்கும்போது: இலக்கைத் தவறவிடும் பிழைகள்

ஹபிள் தொலைநோக்கியில் 1997-இல் பொருத்தப்பட்ட ஸ்டிஸ் நிறமாலைமானியில் (ஒளியை நிறங்களாகப் பிரித்து அளக்கும் கருவி) ஒளி நுழைய அடிக்கடி பயன்படும் பிளவுகள் 0.1 அல்லது 0.2 ஆர்க்செகண்ட் அகலமே உள்ளவை; ஓர் ஆர்க்செகண்ட் என்பது ஒரு பாகையின் 3600-இல் ஒரு பங்கு. வழிகாட்டி விண்மீன்களைப் பற்றிக்கொண்டு தொலைநோக்கி சரியாகத் திரும்பி நின்றாலும், இலக்கு இத்தனை ஒடுங்கிய பிளவுக்குள் விழும் என்று நம்ப முடியாது. ஆகவே கருவி முதலில் 5 ஆர்க்செகண்ட் பக்கமுள்ள சதுரம் ஒன்றைப் படமெடுத்து, அதில் ஒளி மிகுந்த 3×3 பிக்சல் கட்டத்தைத் தேடி, அங்கே ஒளியின் மையத்தைக் கணக்கிடுகிறது. பின்னர் விளக்கொளியில் பிளவின் இடத்தையும் அளந்து, இலக்கை அதனுள் கொண்டுவந்து நிறுத்துகிறது. நாம் கேட்ட விண்மீன் எது என்பது அதற்குத் தெரியாது. சதுரத்துக்குள் எது பிரகாசமோ, அதுவே இலக்கு.

இலக்கின் இடத்தை விண்ணப்பத்தில் எழுதித் தரும்போது அதிகம் ஏமாற்றுவது ஆதார ஆண்டு, அதாவது அந்த இடம் எந்த ஆண்டுக்கு உரியது என்பது. வானை அளந்த கையா விண்கலத்தின் மூன்றாம் தரவு வெளியீட்டில் விண்மீன்களின் இடங்கள் 2016.0-க்கு உரியவை. அவற்றை எடுத்தெழுதிவிட்டு, பழக்கத்தால் ஆதார ஆண்டை 2000.0 என்று நிரப்பினால், ஆண்டுக்கு 0.2 ஆர்க்செகண்ட் நகரும் விண்மீன் 3.2 ஆர்க்செகண்ட் தள்ளிப்போய்விடும். சதுரத்தின் நடுவிலிருந்து ஓரம் 2.5 ஆர்க்செகண்ட்தான் என்பதால், கருவி வெற்று வானத்தையே துழாவும். ஆண்டுக்கு ஏறத்தாழ 10.4 ஆர்க்செகண்ட் நகரும் பர்னார்டின் விண்மீனுக்கோ, சுயஇயக்கத்தை, அதாவது வானில் இப்படி இடம் மாறுவதைக் குறிப்பிடாமல் விடுவது இலக்கையே குறிப்பிடாமல் விடுவதற்குச் சமம்.

அடுத்தது, அண்டையில் உள்ள பிரகாசமான விண்மீனைக் கவனியாதது. அது சதுரத்துக்குள் இருந்தால் கருவி அதையே நடுவில் நிறுத்தும், தவறு நடந்ததாகவும் அறிவிக்காது. இத்தகைய இடங்களில் அந்த விண்மீனையே முதலில் பிடிக்கச் சொல்லி, அங்கிருந்து இலக்குக்கு நகரச் செய்வது நல்லது. ஆனால் இரண்டின் இடங்களையும் ஒரே அட்டவணையிலிருந்து எடுக்க வேண்டும்.

பிடிக்கும் படத்துக்கான ஒளிபதிவு நேரத்தை மனக்கணக்கில் முடிவு செய்வதும் கூடாது. சமிக்ஞை இரைச்சலைப்போல் 40 மடங்காவது இருக்க வேண்டும். அதற்காக நேரத்தை அளவின்றி நீட்டினாலும் பிக்சல்கள் நிரம்பி மையம் பிசகும்.

0.1 ஆர்க்செகண்டும் அதற்குக் குறைவுமான பிளவுகளில், பிளவைச் சிறுசிறு அடிகளாக இலக்கின்மேல் நகர்த்தி ஒளி உச்சத்தைத் தேடும் கூடுதல் கட்டம் ஒன்று உண்டு. சில நிமிடங்களை மிச்சப்படுத்த அதை விட்டுவிடுவோர் இருக்கிறார்கள். பிளவின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஒளியைப் பின்னர் எந்தத் திருத்தத்தாலும் மீட்க முடியாது.