மலைக்கு அனுப்பும் பணம்: ஒரு சங்கப் பொருளாளர் சொல்வது

வெளிநாட்டு இந்தியச் சங்கங்களில் பொருளாளராக மாட்டிக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். வெள்ளம் என்றதும் விருந்து வைத்து வசூல் செய்வது சுலபம். அந்தப் பணத்தில் ஒரு குடும்பம் மறுபடி சம்பாதிக்க வேண்டும் என்றால்தான் சிக்கல். கேதார்நாத்தையே எடுத்துக்கொள்வோம்: 2013 ஜூனில் சோராபாரி ஏரி உடைந்து மந்தாகினிப் பள்ளத்தாக்கையே புரட்டிப் போட்டது.

முதலில், ஊர் எதை நம்பிப் பிழைத்தது என்று கேளுங்கள். உக்கிமட், குப்தகாசிப் பக்கம் பல வீடுகளுக்கு யாத்திரைதான் படியளந்தது. கோயிலுக்கு நடைபாதை தொடங்கும் கௌரிகுண்டிலிருந்து கோவேறு கழுதை ஓட்டுவது, டோலி தூக்குவது, முதுகுக் கூடையில் ஆளைச் சுமப்பது, டீக்கடை, பூசை. ஆறு மாதச் சம்பாத்தியத்தில் வருஷம் முழுக்கச் சாப்பாடு. சீசன் நடுவில் வெள்ளம் வந்ததால், மேலே வேலைக்குப் போயிருந்த ஆண்களும் பையன்களும் பலர் செத்துப்போனார்கள். ராம்பாடா என்ற ஊரே கடைகளோடு அழிந்தது.

மிஞ்சியவர்கள் பெண்கள். உடனே நம் கமிட்டியில் ஒருவர் "தையல் மெஷின்" என்பார். சரி, ஒரே ஊரில் முப்பது பேர் தைத்தால் யார் வாங்குவது? அந்தப் பெண்கள் ஏற்கெனவே வயல், மாடு, காட்டில் புல் வெட்டுவது என்று நாள் முழுக்க உழைப்பவர்கள். பயிற்சிக்கு எந்த நேரம் வருவார்கள் என்பதையும் கேளுங்கள். பின்னாளில் மகளிர் குழுக்கள் தண்டுக்கீரை விதையில் லட்டு பிடித்துக் கேதார்நாத் பிரசாதமாக விற்றது எனக்குப் பிடித்த உதாரணம். விளைவது அங்கே, வாங்குபவரும் அங்கேயே வருகிறார்.

அடுத்தது எஃப்.சி.ஆர்.ஏ., அதாவது இந்தியாவில் உள்ள அமைப்புகள் வெளிநாட்டு நிதி வாங்குவதைக் கட்டுப்படுத்தும் சட்டம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பை வங்கி வழியாக நேரே அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. ஓசிஐ அட்டைக்காரர், அதாவது வேறு நாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினர், கொடுத்தால் ஆகும். நம் சங்கக் கணக்கிலிருந்து போனாலும் ஆகும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, வாங்கிய அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது. டில்லியில் பெரிய பெயர் வாங்கி, மலையில் சின்னக் குழு செலவு செய்யும் பழைய ஏற்பாடு இனி செல்லாது. வேலை செய்யப்போகும் அமைப்புக்கே பதிவும், டில்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் கணக்கும் இருக்க வேண்டும். எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் பதிவு எண்ணைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்புறம், பணத்தை ஒரே தவணையில் கொடுக்காதீர்கள். 2014-ல் யாத்திரை திறந்தும் கூட்டம் மிகக் குறைவு. இரண்டாவது சீசனுக்கும் கையில் இருக்க வேண்டும். கணக்குக் கேட்பதை மட்டும் தீபாவளிக்குப் பின் நடை சாத்திய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சீசனில் போன் செய்தால் யாரும் எடுக்க மாட்டார்கள்.