பழைய பத்மினிக்கு டைமிங் வைக்கும் முன் பாயிண்ட்டைப் பாருங்கள்

பெங்களூரில் பத்மினி, அம்பாசடர் கார் வைத்திருப்பவர்கள் பலர், வண்டி இழுக்கவில்லை என்றதும் டைமிங்கை, அதாவது பிளக்கில் தீப்பொறி விழும் நேரத்தை, மாற்ற நேராக டிஸ்ட்ரிபியூட்டரை (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பாகம்) திருப்பத் தொடங்கிவிடுகிறார்கள். வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் சின்ன ஸ்விட்ச்தான் பாயிண்ட், அது திறக்கும்போதுதான் தீப்பொறி வரும். பாயிண்ட் கேப் (அது முழுதாகத் திறந்திருக்கும்போது உள்ள இடைவெளி) கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங்கும் கூடவே முந்திக்கொள்ளும். கேப்பைச் சரிசெய்யாமல் டைமிங்கைத் தொடுவது வீண் வேலை.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயிண்ட்டின் இரண்டு முகங்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். நிறைய ஓடிய பாயிண்ட்டில் ஒரு பக்கம் பரு மாதிரி மேடும் எதிர்ப்பக்கம் குழியும் இருக்கும், கேப் அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் அந்த மேட்டில் உட்கார்ந்துகொண்டு தப்பு அளவு காட்டும். ராவிக்கொண்டிருக்காமல் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் உள்ள ஜே.சி. ரோட்டில் புது செட் வாங்கிப் போட்டு, மேனுவலில் உள்ள கேப்பை வையுங்கள்.

அப்புறம் டைமிங். பிளக் நான்கையும் கழற்றிவிட்டால் இன்ஜினைக் கையால் சுற்றுவது சுலபம். முதல் சிலிண்டரின் பிளக் ஓட்டையில் விரலை வைத்து, காற்று விரலைத் தள்ளும்போது புல்லி மார்க்கை மேனுவல் சொல்லும் டிகிரிக்குக் கொண்டுவாருங்கள், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் ரோட்டார் ஒன்றாம் நம்பர் வயரைப் பார்த்து நிற்க வேண்டும். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களில் தீப்பொறி விழும் வரிசை) இரண்டு வண்டிக்கும் 1-3-4-2. தீப்பொறிக்கு உயர் வோல்ட் மின்சாரம் தரும் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் சின்ன வயர் முனைக்கும் பாடிக்கும் நடுவே 12 வோல்ட் பல்பு ஒன்றைக் கட்டி, சாவியை ஆன் செய்யுங்கள். கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டரை ரோட்டார் சுற்றும் பக்கமே திருப்பினால் பல்பு அணையும். பிறகு எதிர்ப்பக்கம் மெதுவாக, மிக மெதுவாக. பல்பு எரியத் தொடங்கும் அந்த இடத்தில் நிறுத்தி போல்ட்டை முறுக்குங்கள். இன்ஜினை அது ஓடும் திசையிலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றி, அதே மார்க்கில் பல்பு எரிகிறதா என்று மறுபடி பார்த்தே ஆக வேண்டும். சாவியை ரொம்ப நேரம் ஆனிலேயே விடாதீர்கள், காயில் சூடாகும்.

கடைசிச் சோதனை மேட்டில்தான். டாப் கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது டிக் டிக் என்று நாக்கிங் (இன்ஜின் தட்டும் சத்தம்) கேட்டால் டைமிங் முந்தியிருக்கிறது, ரோட்டார் சுற்றும் பக்கம் துளி திருப்புங்கள். சத்தமே இல்லை, ஆனால் வண்டி மந்தமாக இருக்கிறது, இன்ஜினும் சூடேறுகிறது என்றால் டைமிங் பிந்தியிருக்கலாம்.

இங்கே ஒன்று கவனியுங்கள். பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரம், காற்று கொஞ்சம் மெலிது, அதனால் டைமிங் சற்று முந்தியிருந்தாலும் நாக்கிங் தெரியாமல் போகலாம். அதே வண்டி கிருஷ்ணகிரி தாண்டி சென்னை வெயிலில், முழு லோடில் போகும்போது தட்டும். ஊருக்கு அடிக்கடி காரிலேயே போகிறவர்கள் காதை நம்பி முந்த வைக்காமல், மேனுவல் டிகிரியிலேயே விட்டுவிடுங்கள்.