அரிசி மூட்டையோடு மலையேறும் முன்: உணவு வங்கி நடத்துவோர் செய்யும் தவறுகள்

தருமபுரி மாவட்டம் பென்னாகரத்துக்கு மேலே ஒரு மலைக்கிராமம். இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவுப்பொருள் கொடுக்கும் எங்கள் உணவு வங்கியின் பையைப் பிரித்துப் பார்த்த பாட்டி ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ஒரு தகர டின்னைத் திறந்து காட்டினார். பாதிக்கு மேல் ரேஷன் அரிசி, வண்டு ஊர்ந்துகொண்டிருந்தது. "எண்ணெ கொஞ்சம் இருக்குதா கண்ணு? மொளகாத்தூளு?" என்றார். எங்கள் பையில் இருந்தது பத்து கிலோ அரிசி.

முதல் தவறு இதுதான். பசி என்றாலே அரிசி என்று கை போய்விடுகிறது. தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு ரேஷன் அரிசி 2011 ஜூனிலிருந்தே இலவசம். மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ. பாட்டியிடம் இருந்தது அந்த அட்டை. பருப்பும் பாமாயிலும் ரேஷனில் உண்டு: கிலோ 30 ரூபாய், லிட்டர் 25 ரூபாய், அட்டைக்கு மாதம் ஒன்று. ஐந்து பேர் வீட்டில் ஒரு லிட்டர் எண்ணெய் எத்தனை நாள் வரும்? சரக்கு வந்த அன்று கூலிக்குப் போயிருந்தால் அதற்கும் இன்னொரு நடை.

சோறு இருக்கும், குழம்பு இருக்காது. ஆகவே எங்கள் பை மாறிவிட்டது: கடலை எண்ணெய், துவரம் பருப்பு, புளி, மிளகாய்த்தூள், கல்லுப்பு, துணி சோப்பு. அரிசிக்குப் பதில் ராகி மாவு. களி தின்று வளர்ந்த ஊர் இது. 2023இல் அரசே தருமபுரியிலும் நீலகிரியிலும் விருப்பப்பட்டவர்களுக்கு 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி கொடுக்கத் தொடங்கியது. எங்களுக்குத்தான் புத்தி பிந்தி வந்தது.

அடுத்தது காலம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொடுக்க ஆள் நிறைய. நெருக்கடி வருவது மே மாதத்தில். ஐந்தாம் வகுப்பு வரை பள்ளியில் காலை உணவு, மதியம் சத்துணவு. லீவு விட்டால் இரண்டும் நின்றுவிடும். சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் உள்ள வீட்டில் நாளுக்கு நான்கு சாப்பாடு திடீரென்று அந்த அடுப்பின் தலையில் விழுகிறது. மானாவாரிக் காட்டில் அப்போது வேலையும் இருக்காது. கிருஷ்ணகிரி பக்கம் மாங்காய் பறிப்பு இருந்தால் கொஞ்சம் தாக்குப்பிடிப்பார்கள். கேட்டு வருகிறவர்கள் ஒவ்வொரு கோடையிலும் கூடுகிறார்கள், நன்கொடையோ அப்போதுதான் வற்றுகிறது. தீபாவளிப் பணத்தில் பாதியை மே மாதத்துக்கு எடுத்து வையுங்கள்.

மூன்றாவது, ரேஷன் அட்டை ஜெராக்ஸ் கேட்பது. ஆரம்பத்தில் நாங்களும் கேட்டோம். ஓசூர் பக்கம் கட்டட வேலைக்கு வந்த ஒடிசாக்காரர்கள் இரண்டு பேர் அதைக் கேட்டதும் திரும்பிப் போய்விட்டார்கள். அவர்கள் அட்டை சொந்த ஊரில், குடும்பத்தாரிடம் இருக்கிறது. 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டிலும் ஒரே நாடு ஒரே ரேஷன் நடைமுறையில் உள்ளது. இப்படி வெளியிலிருந்து வந்தவர்களும், வெளியே போன நம் மாவட்டத்துக்காரர்களும் கைரேகை வைத்து, தங்கியிருக்கும் ஊர்க் கடையில் பொருள் வாங்கலாம். இதைச் சொல்லி ஒருமுறை கடைவரை கூடப் போய் வருவது ஒரு மாதப் பையைவிடப் பெரிய உதவி. வடக்கே இருந்து வந்தவர்களுக்குக் கோதுமை மாவும் உருளைக்கிழங்கும் கொடுங்கள். அதற்கு முன் அடுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள்.

கல்யாண மண்டபச் சாப்பாட்டில் கவனம் தேவை. மதியம் பன்னிரண்டுக்கு இறக்கியதை நாலு மணிக்கு போன் போட்டு எடுத்துப் போகச் சொல்வார்கள். மோந்து பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று முடிவு செய்யாதீர்கள், கெட்டது எல்லாம் நாறாது. சூடான உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. சமைத்த நேரத்தைப் பாத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். தேங்காய்ச் சட்னி, தயிர் சாதம், முட்டை இவற்றைத் தொடவே வேண்டாம். மண்டபத்துக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

தேதி முடிந்த பிஸ்கட்டைத் தள்ளிவிடும் இடமாக உணவு வங்கியை ஆக்காதீர்கள். போட்டோவும் வேண்டாம்.

வரிசையும் வேண்டாம். எங்களிடம் வரும் ஒருவர், பாலக்கோடு பக்கம் தக்காளி வைத்தவர், விலை நன்றாக இருந்த வருஷம் எங்களுக்கே இரண்டு பெட்டி இனாமாக இறக்கிவிட்டுப் போனார். இப்போது அவர் இருட்டிய பிறகுதான் வருவார், பின்வாசல் வழியாக. புதன்கிழமைகளில் எட்டரை மணிவரை அந்தக் கதவை நாங்கள் சாத்துவதில்லை.