தண்ணீரும் வெள்ளமும்: இரு மொழிக் குழந்தையின் பேச்சைக் கவனிக்கும் முறை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கிழக்கு ஓரத்தில், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் போன்ற ஊர்களில் வளரும் தமிழ்க் குழந்தைக்கு வீட்டில் கிடைப்பது தண்ணீர். மலையாளம் பேசும் அங்கன்வாடியில் அதே தண்ணீருக்குப் பெயர் வெள்ளம். அத்தகைய குழந்தை பேசத் தாமதித்தால், "ரெண்டு பாஷை கேட்டுக் குழம்பிப் போச்சு" என்று சொல்லி ஒரு மொழியை நிறுத்துவதோ, "அப்பனும் மூணு வயசுலதான் பேசுனான்" என்று காத்திருப்பதோ பல வீடுகளில் நடக்கிறது. இரண்டுமே தவறு. இரு மொழிகளைக் கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை. ஆகவே தாமதம் தென்பட்டால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

பேச்சைக் கவனிப்பது முதல் சொல்லுக்கு வெகு முன்பே தொடங்குகிறது. 2 மாதத்தில் முகம் பார்த்துச் சிரிப்பதும், 6 மாதத்துக்குள் ஓசை வந்த திசைக்குத் திரும்புவதும், 9 மாத அளவில் "பபப", "மமம" என்று அடுக்குவதும், பெயர் சொன்னால் நிமிர்வதும் பேச்சுக்கான அடித்தளங்கள். இவற்றுள் நான் மிகவும் மதிப்பது விரல் சுட்டுதலை. ஏறக்குறைய ஒரு வயதில், கூரை மேல் இருக்கும் காக்கையைக் காட்டிவிட்டு, நீங்களும் பார்த்தீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் குழந்தை, சொல் இல்லாமலேயே உரையாடலைத் தொடங்கிவிட்டது. உட்காருவதும் நடப்பதும் எல்லார் கண்ணிலும் படுபவை. 18 மாதமாகியும் நடக்காவிட்டால் மருத்துவரிடம் காட்டவும்.

ஒன்றரை வயதில் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். குழந்தை தானாகப் பொருளறிந்து சொல்லும் சொற்களை, எந்த மொழியானாலும், ஒரே பட்டியலில் எழுதுங்கள். தமிழின் பூனையும் மலையாளத்தின் பூச்சயும் ஒரே பொருளானாலும் இரண்டு சொற்கள். மாட்டை எப்போதும் "ம்பா" என்றே அழைத்தால் அதுவும் ஒரு சொல்தான். இரண்டு வயதில் இரு மொழியும் சேர்ந்து 50 சொற்கள் அளவில் இருப்பதும், "அம்மா வா" போல இரு சொற்களை இணைப்பதும் எதிர்பார்க்கத்தக்கவை. தமிழை மட்டும் எண்ணினால் பட்டியல் பாதியாகிவிடும். வீண் கவலையும் வந்து சேரும். "வெள்ளம் குடு" என்று கலந்து பேசினால் திருத்த வேண்டாம். அது குழப்பமன்று, கையிலிருக்கும் இரு பெட்டிகளிலிருந்தும் எடுத்துப் பயன்படுத்தும் திறமை.

பேச்சு வளர, அவரவர் தமக்கு நன்றாக வரும் மொழியில் நிறையப் பேசுவதே வழி. பள்ளிக்கு உதவுமே என்று அம்முச்சி (அம்மாவின் அம்மா) தட்டுத் தடுமாறி மலையாளம் பேசுவதைவிட, சோளக்காட்டையும் ஆட்டுப்பட்டியையும் காட்டி அவர் வாயாரப் பேசும் கொங்குத் தமிழே குழந்தைக்கு அதிகம் தரும். குழந்தை "ஆடு" என்றால், "ஆமா, ஆடு தழை திங்குது" என்று ஒரு படி நீட்டிச் சொல்லுங்கள். கேள்வி கேட்டால், மனத்துக்குள் ஐந்து எண்ணும் வரை பதிலுக்குக் காத்திருங்கள். கைப்பேசித் திரை இப்படிக் காத்திருப்பதில்லை. இரண்டு வயது வரை அது வேண்டாம் என்றும், அதன்பின் ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. நாக்குத் திருந்தும் என்று வசம்பும் பொன்னும் தேனில் உரைத்துத் தருவது எல்லைக்கு இரு பக்கமும் உள்ள பழக்கம். முதல் 6 மாதம் தாய்ப்பால் தவிர வேறெதுவும் தேவையில்லை; தேனோ ஒரு வயது வரை ஆபத்தானது, ஏனெனில் அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பச்சிளங்குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும்.

மூன்று வயதில் அங்கன்வாடியில் சேர்ந்த பிள்ளை அங்கே சில வாரங்கள், சில சமயம் சில மாதங்கள்கூட, வாய் திறக்காமல் இருக்கலாம். வீட்டில் சரளமாகப் பேசி, அங்கும் சைகையைப் புரிந்துகொண்டு விளையாடினால் பொறுத்திருக்கலாம். பிள்ளை விரும்பும் நாலைந்து தமிழ்ச் சொற்களை டீச்சரிடம் சொல்லி வையுங்கள். வீட்டிலும் பேச்சில்லை என்றால் அது புது மொழிக் கூச்சம் அன்று.

9 மாதத்தில் மழலை அடுக்கு இல்லாதது, 15 மாதத்தில் விரல் சுட்டாதது, 18 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லாதது, 2 வயதில் இரு சொல் இணைப்பு இல்லாதது, எந்த வயதிலும் வந்த சொற்கள் மறைந்துபோவது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் முதலில் செவித்திறனைச் சோதிக்க வேண்டும். கதவு தட்டினால் திரும்புகிறதே என்பது சோதனை ஆகாது. ஓரளவு கேட்கும் குழந்தையும் திரும்பும். 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற தேசியக் குழந்தைகள் உடல்நலத் திட்டத்தில் அங்கன்வாடிக் குழந்தைகளுக்குப் பரிசோதனை உண்டு. வளர்ச்சித் தாமதம் உள்ளவர்களை டிஇஐசி எனப்படும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே போகும்போது நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுபோங்கள். வீட்டு மொழி தமிழ் என்று முதலிலேயே சொல்லி, பிள்ளையைத் தமிழிலும் கேட்டுப் பார்க்கும்படி கேளுங்கள். மலையாளத்தில் மட்டும் கேட்டால், "பட்டி எவிடே?" (நாய் எங்கே?) என்ற கேள்விக்குப் பிள்ளை நாய்ப் படத்தை விட்டுவிட்டு ஆட்டுப்பட்டியைத் தேடிக்கொண்டிருக்கும்.