40-இல் மட்டும் மங்கிய மைக்ராஸ்கோப்

ஏற்காட்டில் எங்கள் பள்ளி ஆய்வக மைக்ராஸ்கோப்பில் 10 எக்ஸ் பொருளருகு லென்ஸ், அதாவது 10 மடங்கு பெரிதாக்குவது, பளிச்சென்று காட்டும். 40 எக்ஸ் லென்ஸுக்குத் திருப்பினால் ஒரே மங்கல். மலை ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது, புது லென்ஸ்தான் வாங்க வேண்டும் என்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை.

கண்ணருகு லென்ஸைச் சுழற்றினேன், மங்கல் மாறவில்லை. ஸ்லைடை நகர்த்தியும் அப்படியே. சரி, கோளாறு பொருளருகு லென்ஸில்தான். அதைக் கழற்றி, கண்ணருகு லென்ஸைத் தலைகீழாகப் பிடித்து உருப்பெருக்கியாக வைத்துப் பார்த்தேன். பூஞ்சை என்றால் நூல் நூலாகத் தெரியும். இங்கே இருந்தது நுனியில் காய்ந்த எண்ணெய்ப் படலம், ஓரத்தில் பழுப்பு வளையம். 100 எக்ஸ் லென்ஸில் பார்க்கும்போது ஸ்லைடில் விடும் எண்ணெய்! 40-க்கும், ஸ்லைடின் மேல் மூடும் மெல்லிய கவர் கிளாஸுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி கிடையாது. திருப்பும்போது ஒட்டத்தான் செய்யும்.

லென்ஸ் தாளில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்தேன். சட்டைத் துணி வேண்டவே வேண்டாம், கீறிவிடும். அப்புறம் ஸ்லைடுக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் கண்டென்சரை மேலே ஏற்றினேன்.

காப்பி இலைத் துருநோயின் ஆரஞ்சுப் பொடியை வைத்துப் பார்த்தேன். 40 எக்ஸும் 10 எக்ஸ் கண்ணருகு லென்ஸும் சேர்ந்த 400 மடங்கில் சிறுநீரக வடிவ வித்துகள், முதுகில் முள், அடிப்பக்கம் வழவழப்பு. எத்தனை அழகு!

எண்ணெய் விட்ட ஸ்லைடை 40-இல் பார்க்க வேண்டுமானால், முதலில் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள்.