கியர் பாக்ஸ் ஏற மறுத்தால் போல்ட்டைத் தொடாதீர்கள்

கிளட்ச் மாற்றிவிட்டு கியர் பாக்ஸை ஏற்றும்போது கடைசி அரை அங்குலம் மட்டும் உள்ளே போகாமல் அடம்பிடிக்கும். அப்போது பலரும் பெல் ஹவுசிங் (கிளட்சை மூடும் மணி வடிவ உறை) போல்ட்டைப் போட்டு இறுக்கி இழுக்கப் பார்ப்பார்கள். வேண்டவே வேண்டாம். ஹவுசிங்கில் போல்ட் மாட்டும் காது உடையும், இல்லையென்றால் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி வளையும். வளைந்த பிளேட் கிளட்சை மிதித்தாலும் முழுசாக விடாது; கியர் விழும்போதெல்லாம் கரகரக்கும்.

பெரும்பாலும் காரணம், பிளேட் நடுவில் உட்காராததுதான். கிளட்ச் பிளேட்டை இன்ஜினின் ஃப்ளைவீல் சக்கரத்தோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகள் தளர்வாக இருக்கும்போதே சென்டரிங் டூலை (பிளேட்டை நடுவில் நிறுத்தும் கம்பி) பைலட் பேரிங் (ஷாப்ட் முனை உட்காரும் சிறு பேரிங்) வரை செருகுங்கள். அதே மாடலின் பழைய இன்புட் ஷாப்ட் (கிளட்ச் பிளேட்டுக்குள் நுழையும் கியர் பாக்ஸ் தண்டு) கிடைத்தால் இன்னும் நல்லது. அப்புறம் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கவும். டூல் தடையில்லாமல் வெளியே வந்தால் சரி. பெரும்பாலான பிளேட்டுகளில் எந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஸ்ப்ளைனுக்கு (ஷாப்டில் நீளவாக்கில் உள்ள பற்கள்) கிரீஸ் லேசாகப் பூசினால் போதும், மிஞ்சினால் பிளேட்டில் தெறிக்கும்.

இன்னும் சிக்குகிறதா? ஏதாவது ஒரு கியரில் போட்டு, அவுட்புட் பக்கத்தைக் கையால் மெல்லத் திருப்புங்கள். ஸ்ப்ளைன் பல் பொருந்தியதும் தானாக உள்ளே போகும். டவல் பின்கள் (இன்ஜினையும் ஹவுசிங்கையும் நேராகப் பொருத்தும் குச்சிகள்) இரண்டும் இடத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பாக்ஸ் முழுசாக உட்காரும்வரை அதைத் தாங்கும் ஜாக்கை எடுக்கக் கூடாது; மொத்த எடையும் ஷாப்டில் தொங்கினால் பிளேட் வளைந்துவிடும்.