கேப்சூலைக் கீழே வையுங்கள்: ஃபைட்டர் மீனின் துடுப்பழுகலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னை கொளத்தூரின் வளர்ப்பு மீன் கடைகள் பக்கம் போனால், நான் மீன் வாங்குவதைவிடப் பிறர் பேசுவதைக் கேட்பதுதான் அதிகம். போன வாரம் ஒரு கல்லூரி மாணவர் தன் நீல ஹாஃப்மூனின் (அரைநிலா போல வால் விரியும் ஃபைட்டர் வகை) படத்தைக் கைப்பேசியில் காட்டி மருந்து கேட்டுக்கொண்டிருந்தார். வாலின் ஓரம் கறுத்து, காற்றில் கிழிந்த குடைத்துணி போலத் தொங்கியது. எத்தனை லிட்டர் தண்ணீர், கடைசியாக எப்போது மாற்றினாய் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு நீல மருந்துப் புட்டி மேசைக்கு வந்தது. பையன் அதோடு நிற்கவில்லை. "வீட்டில் தாத்தாவுக்கு வாங்கிய ஆன்டிபயாட்டிக் கேப்சூல் மிச்சம் இருக்கிறது அண்ணா, அதையும் பிரித்துக் கொட்டலாமா?" என்றார்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன்னால் நானும் ஏறக்குறைய இதே கேள்வியோடுதான் இருந்தேன். ஒரே வித்தியாசம், நான் யாரையும் கேட்கவில்லை. நேராகக் கொட்டிவிட்டேன்.

அழுக்குத் தண்ணீர் கூடாது, இரண்டு ஆண் ஃபைட்டர்களை ஒன்றாக விடக் கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். ஓரளவு விவரம் தெரிந்தவர்களே செய்யும் தவறுகள்தாம் இவை.

கிழிசலையெல்லாம் அழுகல் என்று முடிவு கட்டுவது

கிரவுன்டெயில் என்ற ஃபைட்டர் வகையை வாங்கிய மறுநாளே "வால் முள்முள்ளாகப் பிய்ந்துவிட்டது" என்று பதறி அழைத்தவர்கள் இதுவரை நான்கு பேர். அந்த இனத்தின் வாலே அப்படித்தான். துடுப்பு முட்கள் சவ்வைத் தாண்டி நீண்டு கிரீடம்போல் தெரிவதற்குத்தான் அந்தப் பெயர்.

ஹாஃப்மூனில் இன்னொரு குழப்பம். வால் பாரம் தாங்காமலோ சலிப்பிலோ அது தன் வாலையே கடித்துக்கொள்ளும். இரவு படுக்கும்போது முழுதாக இருந்த வாலில், காலையில் அரைவட்டமாக ஒரு துண்டைக் காணோம். வெட்டிய ஓரம் சுத்தமாக, அதே நிறத்தில் இருக்கிறது என்றால் கடிதான். பிளாஸ்டிக் செடியில் உரசினால் நேர்க்கோடாகக் கிழியும். பழைய நைலான் காலுறை ஒன்றைச் செடியின் மேல் இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டினால் வாலும் மாட்டும்.

அழுகல் பெரும்பாலும் இப்படி ஒரே இரவில் வராது. ஓரம் முதலில் வெளுக்கும் அல்லது கறுக்கும், சில நேரம் சிவக்கும். பிறகு நாளுக்கு நாள் உள்நோக்கிக் கரையும். தினமும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மூன்றாம் நாள் படமே பதில் சொல்லிவிடும்.

கேப்சூலைப் பிரித்து வீட்டுத் தொட்டியில் கொட்டுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. பாதி எரிச்சல் என் மேல்தான்.

என் முதல் நல்ல மீன் ஒரு சிவப்பு ஹாஃப்மூன். 20 லிட்டர் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், மூன்று மாதமாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. ஊருக்குப் போய் வந்த பத்து நாளில் தண்ணீர் மாற்றவில்லை. பக்கத்து வீட்டுச் சிறுவன் அன்பு மிகுதியால் வேளைக்கு ஒரு கைப்பிடி தீனி போட்டிருந்தான். திரும்பி வந்து பார்த்தால் வால் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் கறுப்புக் கரை. அவ்வளவுதான். அன்று நான் வாளியை எடுத்திருக்க வேண்டும். டெட்ராசைக்ளின் கேப்சூலை எடுத்தேன்.

மஞ்சள் தூளைக் கொட்டியதும் தண்ணீர் வெளிர் தேநீர் நிறத்துக்கு வந்தது, மேலே நுரை கட்டியது. மருந்து வேலை செய்கிறது என்று மகிழ்ந்தேன். இரண்டாம் நாள் தண்ணீர் பால் கலந்ததுபோல் கலங்கியது. வால் மாறவில்லை. மருந்து போதவில்லை போலும் என்று இன்னொரு கேப்சூல். கூடவே, சுத்தமாக இருக்கட்டும் என்று ஸ்பாஞ்சைக் கழற்றிக் குழாயடியில் நன்றாகப் பிழிந்து கழுவினேன். நான்காம் நாள் மீன் அடியில் சாய்ந்து கிடந்தது. செவுள் அடுப்புக் கங்குபோலச் சிவந்திருந்தது. ஐந்தாம் நாள் காலை இறந்துவிட்டது. கையில் எடுத்துப் பார்த்தபோது வாலில் அதே ஒரு மில்லிமீட்டர் கரைதான் இருந்தது. மீனைக் கொன்றது அழுகல் இல்லை என்பது எனக்கு உறைக்க ஓராண்டுக்கு மேல் ஆனது.

நடந்தது இதுதான். மீன் செவுள் வழியாக ஓயாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனியும் கழிவும் அதோடு சேர்கின்றன. ஸ்பாஞ்சில் குடியேறிய நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரோஸ்பைரா போன்றவை அதை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்தக் குடித்தனம் அமைய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். ஆன்டிபயாட்டிக்குக்கு நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்ற பாகுபாடு தெரியாது. மருந்து தப்பவிட்டதைக் குழாய் நீரின் குளோரின் முடித்துவைத்தது. அதன்பின் அம்மோனியாவைத் தின்ன ஆளில்லை. மீன் தன் கழிவிலேயே வெந்தது.

நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீர் இதில் வேறு வகையிலும் வஞ்சிக்கும். பல இடங்களில் அது கடினநீர். பிஎச் (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 8-ஐத் தொடுவதும் உண்டு. பிஎச் 7-லிருந்து 8-க்கு ஏறினால், மொத்த அம்மோனியாவில் நச்சுத்தன்மை உள்ள பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. அதோடு, கடினநீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் டெட்ராசைக்ளினைக் கட்டிப்போடும். அந்த மாத்திரையைப் பாலோடு விழுங்காதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்வதற்கும் கால்சியம்தான் காரணம். ஆக, மீனின் வாலுக்குப் போய்ச் சேர்ந்த மருந்து எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது. அரைகுறை அளவில் மருந்தைக் காட்டிக் காட்டிக் கிருமியைப் பழக்கிவிடுவதுதான் மிச்சம். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து அது என்பதையும் நினைவில் வையுங்கள்.

துடுப்பை அரிக்கும் ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் பாக்டீரியாக்கள் எங்கிருந்தோ வந்து இறங்குபவை அல்ல. எந்தத் தொட்டித் தண்ணீரிலும் அவை உண்டு. உடம்பின் வழவழப்புப் படலம் கெட்டு, மீன் சோர்ந்த பிறகுதான் அவற்றுக்கு வேலை. அதனால் முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். சோதனைப் பெட்டி இல்லையென்றால் ஒரு புட்டியில் தண்ணீர் பிடித்துக் கடைக்குக் கொண்டுபோங்கள். சோதித்துத் தரும் கடைகள் இருக்கின்றன. பூஜ்யத்துக்கு மேல் எது இருந்தாலும், தினம் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீரில் குளோரினை நீக்கும் ஆன்டி குளோரின் விட்டு, தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஊற்றுங்கள். ஸ்பாஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த அந்தப் பழைய தண்ணீரிலேயே இரண்டு முறை அமுக்கி எடுத்தால் போதும். ஓரத்தோடு நிற்கும் அழுகலுக்குப் பெரும்பாலும் இப்படி ஒரு வாரம் செய்தாலே போதும். என் தொட்டிகளில் அதற்குப் பிறகு மருந்து தேவைப்பட்டது ஓரிரு முறைதான்.

எப்போது மருந்து? கரைதல் வாலின் அடியை, உடம்பை நெருங்கினால். துடுப்பில் ரத்தக் கோடுகள் தெரிந்தால். ஒரே நாளில் கண்ணுக்குத் தெரியும் அளவு கரைந்தால். அப்போதும் தொட்டியில் கொட்டாதீர்கள். ஐந்து லிட்டர் மூடி போட்ட டப்பா ஒன்றில் மீனை மாற்றி, மீனுக்கென்று விற்கும் மருந்தை அட்டையில் உள்ள அளவில், அட்டையில் உள்ள நாள்வரை கொடுங்கள். டப்பாவில் ஃபில்டர் பாக்டீரியா இல்லாததால் தண்ணீரை நாள்தோறும் மாற்றி, மாற்றிய அளவுக்கு மட்டும் மருந்து சேர்க்க வேண்டும். நீல மருந்து என்று கடையில் தரும் மெத்திலீன் ப்ளூவுக்கும் இதே விதி: டப்பாவில் மட்டும். தொட்டியில் விட்டால் ஸ்பாஞ்ச் பாக்டீரியாவும் கெடும், கண்ணாடியை ஒட்டிய சிலிக்கோன் பசையும் நிரந்தரமாக நீலமாகும். என் பழைய தொட்டி ஒன்று இன்னும் அந்த நீலத்தோடு மொட்டைமாடியில் கிடக்கிறது.

கரியை எடுக்க மறப்பது

ஃபில்டரில் கரி இருந்தால் நீங்கள் கொடுக்கும் மருந்தை அது குடித்துவிடும். எடுங்கள்.

உப்பைக் கண்ணளவில் போடுவது

சாம்பாருக்குப் போடுவதுபோல் கைப்பிடியாக அள்ளிப் போட்டவரை நேரில் பார்த்திருக்கிறேன். உப்பு உதவும், அளவோடு. 5 லிட்டருக்கு மட்டமாக ஒரு தேக்கரண்டி, அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 1 கிராம். ஒரு குவளைத் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். கல் உப்பின் பரல் நேராக மீன் மேல் விழுந்தால் தோல் புண்ணாகும்.

இதில் எல்லாரும் சறுக்கும் இடம் வேறு. வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த மட்டத்தை நிரப்பும்போது வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால், பத்து நாளில் தொட்டி மெரினாவாகிவிடும். பத்து நாளுக்கு மேல் உப்பே வேண்டாம். ஃபைட்டர் நன்னீர் மீன். உள்ளே செடி வைத்திருப்பவர்கள் உப்பை டப்பாவில் மட்டும் பயன்படுத்துங்கள்.

பாதாம் இலையே எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று நம்புவது

தெருவோரம் நிற்கும் நாட்டு வாதுமை மரத்தைத்தான் நாம் பாதாம் மரம் என்கிறோம். அதன் காய்ந்த இலையில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் மீனுக்கு இதமானது. தாய்லாந்தில் ஃபைட்டர் வளர்ப்பவர்களும் இதைக் காலங்காலமாகப் போடுகிறார்கள். நானும் போடுகிறேன். தானாக உதிர்ந்து பழுப்பேறிய இலை, நன்றாகக் கழுவி, 20 லிட்டருக்கு ஒன்று. ஒருவர் இரண்டு லிட்டர் கிண்ணத்தில் ஆறு இலை போட்டிருந்தார். தண்ணீர் காபி டிகாக்ஷன் மாதிரி இருந்தது. மீன் எங்கே என்றேன், உள்ளேதான் இருக்கிறது என்றார். அம்மோனியா நிறைந்த கிண்ணத்தில் இலை எதையும் சரிசெய்யாது. கிண்ணத்தைத்தான் மாற்ற வேண்டும்.

ஏசி அறையில் கிண்ணம்

வேண்டாம். ஃபைட்டருக்குத் தண்ணீர் 25 முதல் 28 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும்.

ஆறுவதையே அழுகல் என்று நினைப்பது

வெற்றியை நெருங்கியவர்கள் தோற்கும் இடம் இது. துடுப்பு புதிதாக வளரும்போது ஓரத்தில் கண்ணாடித்தாள் போல நிறமற்ற ஒரு விளிம்பு தெரியும். சில மீன்களில் வெண்மையாகவும் இருக்கும். "ஐயோ, ஓரம் மறுபடியும் வெளுக்கிறது" என்று மீண்டும் மருந்துப் புட்டியைத் திறப்பார்கள். அந்த மெல்லிய சவ்வு மருந்தில் கருகும், மறுபடி கரையும், மறுபடி மருந்து. இரண்டு மாதமாக இப்படியே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் பத்து நாள் எதையும் தொடாதீர்கள், தண்ணீர் மட்டும் மாற்றுங்கள் என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. பத்து நாளில் விளிம்பு இரண்டு மில்லிமீட்டர் நீண்டிருந்தது.

அடையாளம் எளிது. அழுகல் என்றால் வால் குட்டையாகும். வளர்ச்சி என்றால் நீளும். முதல் நாளிலிருந்து எடுத்த படங்களை வரிசையாகப் பாருங்கள்.

அந்தக் கல்லூரி மாணவரைக் கடை வாசலில் நிறுத்தி இதில் பாதியைச் சொன்னேன். நீலப் புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தில் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஆன்டி குளோரினும் வாங்கிப் போனார். நேற்று படம் அனுப்பியிருந்தார். கறுப்புக் கரை அதே இடத்தில் நிற்கிறது, மேலே ஏறவில்லை. கீழே ஒரு வரி: "தாத்தாவின் கேப்சூலை என்ன செய்வது அண்ணா?"